வீட்டில் ஓர் அலுவலகம்: 9,100 ரூபாய்க் கணக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குக் குறைந்த செலவில் ஓர் அறையை எப்படி ஒழுங்கு செய்வது என்று பேசச் சொன்னார்கள். நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் பற்றிப் பாடம் நடத்த எனக்குத் தகுதி இல்லை. செலவுக் கணக்குச் சொல்லத் தகுதி உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது சென்னையில் இருந்த நம் பிள்ளைகள் பலர் மடிக்கணினியோடு ஊருக்கு வந்தார்கள். பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். மீதிப் பேர் இன்னும் இங்கிருந்தே வேலை பார்க்கிறார்கள். சிற்றூரில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்குத் தென்காசி எப்போதோ பதில் சொல்லிவிட்டது. சோஹோ நிறுவனம் 2011-லேயே அங்கே அலுவலகம் திறந்தது. தென்காசிக்கு முடிந்தது மங்கலம்பேட்டைக்கும் முடியும். ஆனால் அங்கே நிறுவனம் நாற்காலி போட்டுக் கொடுக்கிறது. இங்கே நாம்தான் போட வேண்டும்.

என் மருமகளும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள். போன ஆடி மாதம் ஒரு நாள் இரவு, "மாமா, மாசக் கடைசியோட வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள். கழுத்து வலி, மின்சாரம் போனால் மீட்டிங் அறுந்துபோவது என்று இரண்டு காரணம் சொன்னாள். மூன்றாவது ஒன்றும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கழுத்து வலி. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து எட்டு மணி நேரம் குனிந்தே இருந்தாள். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்குச் சரியாக வைத்தால் கண்ணுக்குத் தாழ்வு. கண்ணுக்குச் சரியாக வைத்தால் கைக்கு உயரம். 900 ரூபாய்க்குத் தனி விசைப்பலகையும் மவுசும் வாங்கினோம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்வரை மடிக்கணினிக்கு அடியில் பழைய டைரிகளை அடுக்கினோம். டைரிக்குச் செலவில்லை.

என் பழைய மர மேசையை அவளுக்குக் கொடுத்தேன். உட்கார்ந்தால் தோள் தூக்கிக்கொண்டது. ஆசாரியை அழைத்துக் காலில் இரண்டு அங்குலம் அறுக்கச் சொன்னேன், கூலி 300. முழங்கை மடங்கும் உயரத்துக்கு மேசை இருந்தால் போதும். விருத்தாசலத்தில் பழைய ஆபீஸ் நாற்காலி ஒன்று 2,200-க்குக் கிடைத்தது. வாங்கும்போது பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். முதுகு சாய்கிறதா, பாதம் தரையில் பதிகிறதா, இரண்டையும் கவனியுங்கள். பாதம் தொங்கினால் கீழே ஒரு பலகையைப் போடுங்கள்.

அடுத்தது இடமும் வெளிச்சமும். மாடி அறை தனியாக இருக்கிறது என்று முதலில் அங்கே போனாள். நம்மூர் சித்திரை வெயிலில் மத்தியானம் அங்கே உட்கார முடியுமா? கீழே வடக்குப் பார்த்த அறைக்கு மாற்றினோம். சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரை கூசும். முன்னால் இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருப்பதுதான் நல்லது. இரண்டு எல்.இ.டி. பல்பும் ஒரு திரைச்சீலையும் சேர்த்து 550.

மின்விசிறியை மாற்றியது வீண் என்று என் மனைவி சொன்னாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். பழைய விசிறி 75 வாட்ஸ், புதிய பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்ஸ். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 60 நாளில் 27 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள சில யூனிட்டுக்கும் விலை ஏறும். அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு 27 யூனிட் சின்ன விஷயமில்லை. விசிறி 2,900.

மின்வெட்டுக்குப் பெரிய இன்வெர்ட்டர் வாங்க நினைத்தோம். யோசித்தால், மடிக்கணினிக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. அணைவது ரவுட்டர் மட்டும்தான். அதற்கென்றே கையடக்க யு.பி.எஸ். கிடைக்கிறது, 1,400. ரவுட்டர் எத்தனை வோல்ட் என்று அதன் அடியில் எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் இணைப்புக் கொடுக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியனுக்கு 850 கொடுத்து, எர்த் உள்ள தனி பிளக் பாயிண்ட் போட்டோம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்; பியூஸ் கேரியர் நமக்குப் புதிதில்லை. ஆனால் அடிக்கடி போகிறதே என்று அதில் கனமான செம்புக் கம்பியைக் கட்டிவிடுகிறோம். பியூஸ் எரிந்தால்தான் ஒயர் தப்பும். பியூஸ் எரியாவிட்டால் சுவருக்குள் ஒயர் எரியும்.

ஆக மொத்தம் 9,100 ரூபாய். கழுத்து வலி குறைந்தது, மீட்டிங் அறுவது நின்றது. இருந்தும் அவள் முகம் தெளியவில்லை. கேட்டேன்.

"மாமா, நீங்க கேஷ் கவுண்டர்ல பணம் எண்ணிக்கிட்டு இருக்கும்போது, யாராவது வந்து கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, எழுந்து வாங்கன்னு கூப்பிட்டா வருவீங்களா?"

எனக்குப் பேச்சே வரவில்லை. கூப்பிட்டவன் நான்தான். சிலிண்டருக்கும் கூப்பிட்டேன், கூரியருக்கும் கூப்பிட்டேன், நாலு மணி டீக்கும் கூப்பிட்டேன். வீட்டில் இருக்கிறாள், அதனால் சும்மா இருக்கிறாள் என்று என் மனதில் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. வேலை பார்த்த காலமெல்லாம் கவுண்டருக்கு வெளியே நிற்கச் சொல்லிப் பழகியவனுக்கு, வீட்டில் ஒரு கவுண்டர் இருப்பது தெரியவில்லை.

மறுநாள் முதல் அந்த அறைக் கதவு சாத்தியிருந்தால் ஆபீஸ் நேரம் என்று வைத்துக்கொண்டோம். சிலிண்டருக்கு நான் எழுந்து போகிறேன். நாலு மணி டீயை நானே போடுகிறேன். இப்போது குடிக்கும்படியாகவே இருக்கிறது. பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் நான்தான். மருமகள் வேலையை விடவில்லை.

எனவே உங்கள் வீட்டில் யாராவது இப்படி வேலை பார்த்தால், நாற்காலி வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் அவர்களிடமே உட்கார்ந்து கேளுங்கள். முதல் வரவு அங்கிருந்துதான் தொடங்கும். கணக்கில் எனக்கும் விட்டுப்போனது அதுதான். அதற்குச் செலவு பூஜ்யம். அறையை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். கதவு சாத்தியிருந்தால் மட்டும் திண்ணையில் கொஞ்சம் காத்திருங்கள், டீ தருகிறேன்.