வேண்டிப் பெற்ற குறை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் கணிப்பொறி விளையாட்டைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். பிள்ளைகளின் கண்ணையும் காலத்தையும் கெடுக்கும் பொழுதுபோக்கு என்பதே அதைப் பற்றிப் பெற்றோர் பலரின் கருத்து. ஆயினும் அவ்விளையாட்டுகளுள் ஒருவகை, கவிஞர் பலர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் தவறும் வினா ஒன்றை ஆடுபவரிடம் முதற்படியிலேயே கேட்டுவிடுகின்றது. 'உனக்கு எந்தக் குறை வேண்டும்?' என்பதே அவ்வினா. குறையை யாரேனும் வேண்டிப் பெறுவரோ? பெறுவர், பெற்றிருக்கின்றனர். அவர்களுள் சிலர் தமிழ்க் கவிஞர்கள் என்பதே இவ்வுரையின் பொருள்.

ஆட்டத்தின் விதி

பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் என்று அவ்வகையைக் கூறலாம். ஆடுபவர் முதலில் ஒரு கதைமாந்தரைப் படைத்தல் வேண்டும். வலிமை, அறிவு, பேச்சுத்திறன் ஆகியவற்றுக்கு இத்தனை புள்ளிகள் என ஓர் அளவு உண்டு. அதற்குமேல் வேண்டுவோர் குறையொன்றை ஏற்றுக்கொண்டு ஈடாகப் புள்ளி பெறலாம். 1986-இல் அமெரிக்கராகிய ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட 'கர்ப்ஸ்' என்னும் மேசையாட்ட விதிநூல் இம்முறையை விரிவாக வகுத்துள்ளது. ஒற்றைக்கண், முன்கோபம், பேராசை என நீளும் அதன் குறைப்பட்டியலில் வாய்மையும் இடம்பெறுவது ஈண்டு நோக்கத்தக்கது. பொய் சொல்ல இயலாதவன் பல இடங்களில் இழப்புறுவான் என்பதே அதற்குக் காரணம். அரிச்சந்திரன் கதையைத் தெருக்கூத்தில் விடியவிடியப் பார்த்த மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1997-இல் வெளிவந்த 'ஃபால் அவுட்' என்னும் கணிப்பொறி விளையாட்டு, முதலில் 'கர்ப்ஸ்' விதிகளைக்கொண்டே திட்டமிடப்பெற்றுப் பின்னர்த் தனக்கெனத் தனிவிதிகளை அமைத்துக்கொண்டது. அதில் ஆடுபவர் இரண்டு இயல்புகள்வரை தேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலான இயல்புகளில் நன்மையும் தீமையும் பிரிக்கவியலாதபடி பிணைந்துள்ளன. விரைந்து சுடும் இயல்பினனுக்குக் குறிபார்த்துச் சுடுதல் இயலாது. பிறவியிலேயே திறன்மிக்கவனுக்கு ஏழு அடிப்படைத் திறன்களும் ஒருபடி உயரும். ஆனால் கற்றுப் பெறும் கலைகளில் அவன் பின்தங்குவான்.

2019-இல் வந்த 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்' இன்னும் ஒருபடி சென்றது. அங்குக் குறை முன்கூட்டியே தேரப்படுவதில்லை. ஆடுபவர் எதனால் மீண்டும் மீண்டும் அடிபடுகின்றார் என்பதை விளையாட்டே கவனிக்கின்றது. இயந்திர மனிதர்களிடம் பலமுறை தாக்குண்டவரிடம், 'இனி இவற்றைக் கண்டால் அஞ்சுவாய். ஏற்றுக்கொண்டால் ஒரு சிறப்புத் திறன் பெறலாம்' என்கின்றது. ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். பட்ட காயமே குறையாகி, ஏற்ற குறையே பேறாகின்றது.

இவ்விதியில் சூழ்ச்சி செய்வோரும் உண்டு. குறையின் பெயரை ஏற்று, அதன் இழப்பைத் தவிர்ப்பதே அச்சூழ்ச்சி. பாலைவனத்தில் நிகழும் கதைக்குக் கடலச்சத்தைக் குறையாக எழுதிக்கொடுத்துப் புள்ளி வாங்குவதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். விதி வகுத்தோர் இதனை அறியாதவர் அல்லர். இழப்புத் தாராத குறைக்கு விலையில்லை என்பது அவர்களின் கொள்கை. மேசையாட்டத்தை நடத்துபவர் அக்குறையை மறுக்கலாம். குறும்புக்காரர் எனில், கதையையே கடலுக்குத் திருப்பிவிடலாம்.

ஔவை கேட்ட முதுமை

தமிழகத்தில் இத்தகைய தேர்வைச் செய்தவராக மக்கள் நினைவில் நிற்பவர் ஔவையார். பெற்றோர் மணம் பேசியபோது, அதனை விரும்பாத இளநங்கை விநாயகரை வேண்டி முதுமையைப் பெற்றாள் என்பது வழிவழியாக வழங்கும் கதை. 1953-இல் வெளிவந்த ஜெமினியின் 'ஔவையார்' திரைப்படம் இக்கதையைச் சிற்றூர்தோறும் கொண்டுசென்றது. ஔவையார் என்னும் பெயரில் வெவ்வேறு காலத்தில் புலவர் பலர் வாழ்ந்தனர் என்பது ஆய்வாளர் முடிபு. அதியமானைப் பாடிய சங்ககால ஔவைக்கும் இக்கதைக்கும் தொடர்பில்லை. எனினும் மக்கள் ஏன் இப்படியொரு கதையைக் கட்டினர் என்பது சிந்தித்தற்குரியது.

இளம்பெண் தனியே வழிநடத்தல் இயலாத உலகில் கிழவி நடக்கலாம். அரசனை இடித்துரைக்கலாம், திண்ணையில் அமர்ந்து கூழ் கேட்கலாம், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அறம் சொல்லலாம். நரைத்த தலை அவளுக்கு வழித்துணையும் வாயில்காவலரைக் கடக்கும் அடையாளமும் ஆயிற்று. ஆதலின் அது நற்பயன் தரும் குறை என்பதில் ஐயமில்லை.

ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. இளமை ஒருநாளும் அவளுக்குத் திரும்பவில்லை. மனையில்லை, மகவில்லை. நாவல் மரத்தடியில் மாடுமேய்க்கும் சிறுவனிடம் சுட்ட பழத்துக்கும் சுடாத பழத்துக்கும் விடை தெரியாமல் அந்த மூதறிவு நாணி நின்றதையும் மக்கள் சொல்லத் தவறவில்லை. பேற்றைத் தந்த மக்கள் விலையையும் எழுதிவைத்தனர். அதனாலேயே அது நம்பத்தக்க கதையாயிற்று.

முதுகுன்றத்து அன்னை

முதுமை என்னும் குறையை இவ்வூரைப்போல் எண்ணிப்பார்த்த ஊர் வேறில்லை எனலாம். முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் என இதன் பெயர்கள் எல்லாமே முதுமை. அம்மையும் பெரிய நாயகி, விருத்தாம்பிகை. குருநமசிவாயர் தில்லைக்குச் செல்லும் வழியில் இங்குத் தங்கி, பசித்தபோது அன்னையைக் கிழத்தி என விளித்துச் சோறு கேட்டுப் பாடினார் என்பது தலவரலாறு. கிழத்தி என்னும் சொல்லுக்குத் தலைவி என்பதும் பொருள். அன்னையோ முதியவளாகத் தோன்றி, கிழவியால் சோறும் நீரும் சுமந்துவர இயலுமோ என்று கேட்டு, இளமையாகப் பாடப் பணித்தாள். அவர் அவ்வாறே பாட, இளையவளாக வந்து அமுதளித்தாள்.

இக்கதையில் குறையைத் தேர்ந்தவன் கவிஞன், சுமந்தவள் அன்னை. சொன்னவன் வாயில் அது சிலேடை நயம். சுமந்தவள் காலில் அது தள்ளாமை. பிறர்மேல் குறையை ஏற்றிக் கவிதை நயம் பெறும் எவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இது. விலையைத் தருபவர் யார் என்று அன்னை கேட்டாள். கேட்கப்பெற்ற கவிஞர் பாட்டைத் திருத்திக்கொண்டார்.

மண் அறிந்த உண்மை

பீங்கானால் பெயர்பெற்ற இவ்வூரின் தொழிற்கூடத்திலும் இதற்கு விளக்கம் கிடைக்கும். பொம்மை செய்வோர் களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவர். அச்சின் சுவர் முழுதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். அவை குழம்பின் நீரை உறிஞ்ச, சுவரை ஒட்டி மண்படலம் திரளும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்தபின், படலம் காய்ந்து சுருங்கி அச்சிலிருந்து விடுபடும். துளையில்லாத கண்ணாடியால் அச்சுச் செய்தால் பொம்மை பிறக்காது. ஓட்டையே அங்கு உயிர்நிலை. ஆனால் அச்சு அதற்கு விலை தருகின்றது. நீர் குடித்த அச்சைக் காயவைத்தே மறுபடி பயன்படுத்தல் வேண்டும். வார்க்க வார்க்க அதன் நுண்வரைகள் மழுங்கும். ஒருநாள் கழித்துப்போட வேண்டியதே.

மண்பானையும் அவ்வாறே. ஊறி வெளிவரும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. கசியாத பீங்கான் சாடிக்கு அந்தக் குளிர்ச்சி இல்லை. கசிவால் குறையும் நீரே குளிர்ச்சிக்குக் கொடுக்கும் விலை.

மற்றொரு குறை விரிசல். சூளையிலிருந்து எடுத்த பாண்டம் ஆறும்போது, உடலைவிட மேற்பூச்சு மிகுதியாகச் சுருங்கினால் மெல்லிய வெடிப்புகள் வலைபோல் பரவும். சீனத்துச் சாங் அரசர் காலக் குயவர் சிலர் இதனையே அழகாக விரும்பி வரவழைத்தனர். பூச்சாடியில் அது அணி. தேநீர்க் கோப்பையில் அழுக்குத் தங்கும் இடம். மின்கம்பிக்கான பீங்கானிலோ ஈரம் புகும் வழி, பேரிடர்க்கு வாயில். ஆகவே குறை நன்மையா தீமையா என்பதைக் குறை மட்டும் தீர்மானிப்பதில்லை. பாண்டத்துக்கு இடப்பட்ட பணியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது.

வன்றொண்டர் தந்த விலை

இவ்வூர் மணிமுத்தாற்றில் பன்னிரண்டாயிரம் பொன்னை இட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்தவராகச் சொல்லப்படும் சுந்தரர், குறையைத் தேர்ந்து ஆடியவருள் தலையாயவர். புத்தூர் மணப்பந்தலில் கிழவேதியரிடம் வன்சொல் பேசினார். அதுவே வன்றொண்டர் என்னும் பெயராயிற்று. பித்தன் என்று இகழ்ந்தார். அச்சொல்லையே முதலாகக்கொண்டு பாடப் பணிக்கப்பெற்றார். இகழ்ச்சி இசையாயிற்று. இதுவரை பேறு.

பின்னர் ஒற்றியூரில் ஆட்டவிதியை ஏமாற்ற முனைந்தார். சங்கிலியாரைப் பிரியேன் என இறைவன் திருமுன் சூள் உரைக்க வேண்டிய நிலையில், அந்நேரம் கோயிலை நீங்கி மகிழமரத்தடியில் இருக்குமாறு இறைவனை வேண்டினார். சூளும் உரைத்ததாகும், அதற்குக் கட்டுப்படவும் வேண்டுவதில்லை. பாலைவனக் கதைக்குக் கடலச்சம் எழுதியவனின் சூழ்ச்சியே இது. ஆட்டத்தை நடத்துபவரோ, மகிழமரத்தடியிலேயே சூள் வாங்குமாறு சங்கிலியார்க்கு உணர்த்திவிட்டார். கதை கடலுக்குத் திரும்பியது. சூள் பிழைத்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது சுந்தரர் இரு கண்ணும் இழந்தார். வெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டுமே. காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெறும்வரை பாடிக்கொண்டே நடந்தார். சேக்கிழார் இவற்றுள் ஒன்றையும் மறைக்கவில்லை. விலையைப் பாட்டிலேயே செலுத்தியமையால் சுந்தரர் தமிழ் வாழ்கின்றது.

பாடுவோர்க்கு ஒரு சொல்

தமிழ்ப் புலவர் நூலின் தொடக்கத்திலேயே ஒரு குறையை ஏற்பது மரபு. அவையடக்கம் என்பது அதன் பெயர். கம்பர் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கூறிக்கொண்டார். இயலாமையை ஒப்புக்கொண்டவர்க்கு அவை பெருங்காரியம் ஒன்றை ஒப்படைத்தது. அதற்குரிய விலையைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களின் உழைப்பால் அவர் செலுத்தினார். பின்வந்தோர் பலருக்கு அவையடக்கம் வெறும் சடங்காயிற்று. விலையில்லாத குறை அது, ஆதலின் பயனுமில்லை.

இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், இவ்வூரின் பெயரையே தம் இயற்பெயராகக் கொண்ட ஒருவர் இருந்தார். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம் அவர். முதுமை பொருந்திய அப்பெயரை விடுத்துப் பித்தைத் தேர்ந்து புதுமைப்பித்தன் ஆனார். பித்தன் சொல்லுக்குச் சான்றோர் அவையில் தடையில்லை. பிறர் சொல்லத் தயங்கியதை அவர் சொன்னார். வறுமையும் காசநோயும் வருத்த 1948-இல் மறைந்தார். பித்து அவருக்குப் புனைபெயர் மட்டுமன்று என்பதற்கு அவ்வாழ்வே சான்று.

இன்றைய கவிதைகளிலும் குறைகள் மிகுதி. 'திமிர் பிடித்தவன்', 'பைத்தியக்காரி', 'யாருக்கும் அடங்காதவன்', 'தூக்கம் தொலைத்தவள்' என்று கவிஞர்கள் தம்மைத் தாமே அறிமுகம் செய்கின்றனர். அக்குறைகளால் அக்கவிதைக்குள் யாரேனும் எதையேனும் இழந்தனரா என்று தேடினால் பெரும்பாலும் விடையில்லை. அடங்காதவன் எந்த வேலையையும் இழக்கவில்லை. திமிர் பிடித்தவன் எந்த நண்பனையும் இழக்கவில்லை. கைதட்டல் மட்டும் வந்துசேர்கின்றது. புள்ளி வாங்குவதற்காக எழுதிக்கொடுத்த குறைகள் அவை. கவிஞர் அஞ்சி மறைக்கும் குறையோ, கஞ்சத்தனம், கோழைமை, தாயை முதுமையில் தனியே விட்டமை போன்றது. மீண்டும் மீண்டும் அடிபடும் இடமும் அதுவே. அதனை ஏற்றுக்கொள்கின்றாயா என்னும் வினா அங்கேதான் எழுகின்றது. ஏற்கும் கவிதைக்கே புதிய திறன் வாய்க்கும்.

ஆதலின் கவிதையில் குறையைத் தேர்வோர் மூன்று வினாக்களைக் கேட்டல் நலம். இக்குறையால் இழப்பது யாது? அவ்விழப்பைச் சுமப்பவர் யார்? பாடல் மேற்கொண்ட பணிக்கு இக்குறை துணைசெய்கின்றதா? முதல் வினாவை ஔவை கதையும், இரண்டாவதை முதுகுன்றத்து அன்னையும், மூன்றாவதை இவ்வூர் மண்ணும் கற்பிக்கின்றன.

பத்தாண்டு நிறைவு காணும் வட்டத்தில் பாராட்டு பெருகுவது இயல்பே. ஒருவர் கவிதையில் இன்னொருவர் காணும் விரிசலைத் தட்டிப்பார்த்துச் சொல்லும் துணிவும் அத்துடன் பெருகுதல் வேண்டும். பீங்கானை வாங்குவோர் விரலால் சுண்டி ஓசை கேட்டே வாங்குகின்றனர். சுண்டுபவரைப் பகைவர் என்று எந்தக் கோப்பையும் எண்ணுவதில்லை. வரும் பத்தாண்டும் அவ்வோசை தெளிவாக ஒலிப்பதாகுக.