கேரளத் தேர்தல் வரலாறு: இடங்களும் வாக்குகளும்



மொழிவழி மாநிலமாக உருவான கேரளம் 1957இல் தனது முதல் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்தது. 126 இடங்களில் 60 இடங்களைக் கம்யூனிஸ்ட் கட்சி வென்றது. கட்சி ஆதரித்த சுயேச்சைகள் ஐவரின் துணையுடன், ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவை பொறுப்பேற்றது. ஒரு வாரம் முடிவதற்குள், குத்தகை விவசாயிகளையும் குடிகிடப்புக்காரர்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் பிறந்தது.

கல்வி மசோதாவும் விவசாய உறவுகள் மசோதாவும் தொடர்ந்தன. நிலவுடைமையாளர்களும் சாதி, மத நிறுவனங்களும் காங்கிரசும் கைகோத்து ‘விமோசன சமரம்’ நடத்தினர். 1959 ஜூலை 31 அன்று, அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவின்கீழ் ஆட்சி கலைக்கப்பட்டது. சட்டமன்றத்தில் பெரும்பான்மையை இழக்காத ஆட்சி அது!

1960 தேர்தலில் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் ஆகியவை ஓரணியில் நின்றன. கம்யூனிஸ்ட் கட்சியின் இடங்கள் 29ஆகச் சுருங்கின. ஆனால் அதன் வாக்குகளோ ஏறத்தாழ 35 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக உயர்ந்தன. இடங்களைப் பறித்தது எதிரணியின் கூட்டு. மக்கள் ஆதரவு சரியவில்லை.

1967இல் ஏழு கட்சி முன்னணி ஆட்சியைக் கைப்பற்றியது. தொடர்ந்து வந்த நிலச்சீர்திருத்தத் திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, ஜன்மி முறைக்கு முடிவு கட்டியது.

தேர்தல் முடிவைப் படிக்கும்போது இடங்களை மட்டும் எண்ணுவது போதாது. வாக்களித்த வர்க்கங்கள் யாவை, அவர்களோடு கட்சிக் கிளை அன்றாடம் நிற்கிறதா என்பதே முதற் கேள்வி. கலைக்கப்பட்ட ஆட்சி தொடங்கிய பணியைப் பத்தாண்டுகளுக்குப் பின் நிறைவேற்ற வைத்தது, இடைவிடாத அந்த மக்கள் இயக்கமே.