ஏணையும் அம்புலியும்



பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியத்தை இருபது வருடங்களுக்கு மேலாக வகுப்பறையில் படிப்பித்து வருபவன் நான். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று பருவங்களை ஒப்புவிக்கச் சொல்லுவேன். 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களில் இப்பருவங்கள் வரும் என்று பாட்டியல் நூல்கள் கூறுவதையும் சொல்லுவேன். மாணவர்கள் மனனம் செய்வார்கள். பரீட்சையில் புள்ளியும் பெறுவார்கள். ஆனால், அந்தப் பருவங்களுக்குள்ளே உண்மையில் ஒரு குழந்தை இருக்கிறது என்பதை நான் கண்டுகொண்ட இடம் நமது நாட்டில் இல்லை. அது பின்லாந்து நாட்டின் தலைநகரமான ஹெல்சிங்கி. அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அங்கே போனோம். என் மனைவிக்கு ஆய்வு செய்வதற்கு இரண்டு வருடப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. எங்கள் மகளுக்கு அப்போது 5 மாதம். சரியாகச் செங்கீரைப் பருவம். இரு கைகளையும் ஊன்றித் தலையை நிமிர்த்திப் பார்க்கிற வயது. நான் சம்பளமற்ற விடுமுறை பெற்றுக்கொண்டு, பிள்ளை பார்க்கும் ஆளாகக் கூடப் போனேன். ஊரில் ஒருவர் கேட்டே விட்டார்: "என்ன மாஸ்டர், மனுசி படிக்கப் போக நீங்கள் பிள்ளை பராக்காட்டப் போறியளோ?" நானும் சிரித்துக்கொண்டு, "ரண்டு வருசந்தானே" என்றேன்.

அந்த "ரண்டு வருசந்தானே" என்ற வார்த்தையே எங்கள் வீட்டின் சட்டமாகிவிட்டது. அடுக்குமாடியில் இரண்டு அறை கொண்ட வீடு. சன்னலுக்குச் சீலை வாங்கவில்லை, ரண்டு வருசந்தானே. சூட்கேசுகளைக் காலி செய்யவில்லை. அவை கட்டிலுக்குக் கீழே வாய்திறந்து கிடந்தன. வேண்டிய உடுப்பை அதிலிருந்தே எடுத்தோம், துவைத்ததை அதற்குள்ளேயே வைத்தோம். அயலவர்களின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பயணிகள் தங்குமடத்தில் இருப்பவர்களைப் போல நாங்கள் இருந்தோம்.

ஆனால் பிள்ளைக்கு நித்திரை வரவில்லை. ஊரில் ஏணையில் ஆடி உறங்கியவள் அவள். இங்கே பெரிய கட்டிலில், தலையணைகளுக்கு நடுவே, இரவிரவாக அழுதாள். மூன்று கிழமை நாங்களும் உறங்கவில்லை. ஒருநாள் ஸ்கைப்பில் இணுவிலில் இருந்த அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா ஒன்றுதான் கேட்டா.

"ஏணையை எங்கை கட்டினனீங்கள்?"

"இது கொங்கிறீட் வீடம்மா. மேலை கொழுக்கி ஒண்டும் இல்லை. துளை போடவும் விடமாட்டினம். ரண்டு வருசந்தானே எண்டு விட்டிட்டம்."

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தொண்ணூற்றைஞ்சை மறந்திட்டியோ மோனை?" என்றா.

நான் மறக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எனக்கு 15 வயது. தங்கச்சி கைக்குழந்தை. செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் மழைக்குள்ளே, அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனத்தோடு சனமாகக் கடந்தோம். மறுநாள் தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் வகுப்பறை மூலையில் இடம் கிடைத்தது. "ஒரு கிழமை, பத்து நாள். திரும்பிப் போயிடலாம்" என்று எல்லோரும் சொன்னார்கள். பொட்டலங்களை யாரும் அவிழ்க்கவில்லை. அம்மா மட்டும் அன்று பின்னேரமே இடுப்பிலிருந்த பழஞ்சேலையை மாற்றி, அதையே வகுப்பறை வளையில் கட்டித் தங்கச்சியை ஏணையில் போட்டா. "வந்த உடனை வீடு கட்டத் தொடங்கியிட்டா" என்று யாரோ பகிடி பண்ணியது இன்றும் காதில் கேட்கிறது. நாங்கள் ஊர் திரும்பியது 1996 ஏப்ரல் கழிந்த பிறகு. ஆறு மாதம் அந்த ஏணை அந்த வளையில் ஆடியது.

"கொஞ்ச நாளைக்குத்தான் எண்டு உனக்கும் எனக்கும் சொல்லலாம்" என்றா அம்மா. "அவளுக்கு ஆர் சொல்லுறது? அவளுக்கு இண்டைய இரவுதான் இரவு. எழும்பி, முதல் அந்தப் பெட்டியளைக் காலி பண்ணு."

அன்றிரவே சூட்கேசுகளைக் காலி செய்தோம். அடுத்த நாள் சன்னலுக்குச் சீலை வாங்கினோம்.

ஏணைக்கு வழி சொன்னவர் அந்நாட்டுத் தாதி ஒருவர். பின்லாந்தில் தாய் சேய் நல நிலையங்களை நெயுவோலா என்கிறார்கள். ஆலோசனை கூறும் இடம் என்பது பொருள். முதலாவது நிலையம் 1922இல் ஹெல்சிங்கியில் தொடங்கியது. 1944இல் ஒவ்வொரு ஊராட்சியும் இதை நடத்த வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். பிள்ளையை நிறுத்துப் பார்த்த தாதி, வெயில் குறைந்த நாடு என்பதால் நாள்தோறும் விற்றமின் டி துளி கொடுக்கச் சொன்னார். பிறகு, "பகலில் வெளியே, தள்ளுவண்டிலில் உறங்கவிடுங்கள்" என்றார். குளிர்காலத்திலுமா என்று கேட்டேன். நன்றாகப் போர்த்தினால் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை வரையில் பயமில்லை என்றார். எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. நமது ஊரில் மார்கழிப் பனிக்கே பிள்ளைக்குத் தொப்பி போடுகிறவர்கள் நாங்கள்.

ஆனால் அங்கே பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். முற்றங்களிலும் பல்கணிகளிலும் வண்டில்கள் நிற்கும். உள்ளே கன்னம் சிவந்த குழந்தைகள் உறங்கும். ஒருநாள் துணிந்து மகளை வண்டிலில் கிடத்தி, முற்றத்தில் முன்னும் பின்னுமாக ஆட்டினேன். பத்து நிமிடத்தில் உறங்கிப்போனாள். இரண்டு மணித்தியாலம் எழும்பவில்லை. கயிறில்லாத ஏணை அது. பிள்ளை வண்டிலோடு வருபவருக்கு அந்த நகரத்தில் அப்போது பஸ்ஸிலும் டிராமிலும் கட்டணம் இருக்கவில்லை. அதனால் மழை பெய்தால் டிராமில் ஏறிவிடுவேன். என்னைப் போல வண்டில் தள்ளும் தகப்பன்மார் வேறும் பலர் ஏறுவார்கள். அவர்களை யாரும் பகிடி பண்ணியதை நான் காணவில்லை.

டிசெம்பர் வந்தது. காலை ஒன்பதரைக்கு எழும் சூரியன் பின்னேரம் மூன்றேகாலுக்கு மறைந்துவிடும். மகளுக்கு 9 மாதம், சப்பாணிப் பருவம். கை தட்டத் தொடங்கினாள். கீழ் முரசில் இரண்டு பல்லும் தெரிந்தன. ஹகனியெமி என்ற இடத்தில் உள்ள ஆசியக் கடையில் அரிசிமா வாங்கிவந்து பல்லுக்கொழுக்கட்டை அவித்தோம். வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையை இருத்தித் தலையில் கொட்டினோம். முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி எல்லாம் வைத்தோம். அவள் கொழுக்கட்டையைத்தான் எடுத்தாள். ஸ்கைப்பில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அவள் கெட்டிக்காரி" என்றா.

ஏப்ரலில் 13 மாதம். வாரானைப் பருவம். வருக, வருக என்று பிள்ளையை நடந்துவர அழைக்கும் பருவம். அம்மா திரைக்குள்ளே இருந்து இரண்டு கையையும் நீட்டி, "வா குஞ்சு, அப்பம்மாட்டை வா" என்று கூப்பிட்டா. மகள் தத்தித் தத்தி நடந்து போனாள். கணினிக்குக் கிட்டப் போனவள், திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பின்பக்கம் போய் அப்பம்மாவைத் தேடினாள். அங்கே சுவர்தான் இருந்தது. இந்தப் பக்கம் அம்மா சிரித்தா. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டா. அன்றைக்குத்தான் இந்த இரண்டு வருடத்தின் விலை எங்களுக்கு விளங்கியது.

யூன் மாதத்தில் நகரசபை நடத்தும் விளையாட்டுப் பூங்காவுக்குப் போகத் தொடங்கினோம். கோடை விடுமுறையில் அங்கே 16 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். சொந்தக் கோப்பையும் கரண்டியும் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் சூப்புத்தான். யுத்தகாலத்தில், 1942இல் தொடங்கிய வழக்கமாம். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடமாகியும் அவர்கள் அதை நிறுத்தவில்லை. மகளின் கையில் கோப்பையைக் கொடுத்து வரிசையில் நின்றபோது எனக்குத் தென்மராட்சிப் பாடசாலையில் கஞ்சிக்கு நின்ற வரிசை நினைவுக்கு வந்தது. அன்று நான் வெட்கத்தோடு நின்றேன். இங்கே பிள்ளைகள் கரண்டியால் கோப்பையில் தாளம் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அந்த மாதந்தான் அவளுக்கு 15 மாதம் நிறைந்தது. அம்புலிப் பருவம். நிலாவைக் காட்டிச் சோறு தீத்த வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. ஆனால் யூனில் அங்கே இரவே வருவதில்லை. சூரியன் மறைய 10.50 ஆகும். அதன் பிறகும் வானம் வெளுத்துத்தான் கிடக்கும். நிலாவும் கோடையில் அடிவானத்தை விட்டு உயர எழாது. யூன் 23ஆம் திகதி பூரணை. பிள்ளையை நித்திரை கொள்ளவிடாமல் நள்ளிரவு வரைக்கும் வைத்திருந்து, இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே தாழ்வாகத் தெரிந்த சிவந்த நிலாவைக் காட்டி "அம்புலி, அம்புலி" என்றேன். அவள் என் விரலைப் பார்த்தாள். பிறகு அழுதாள். "பிள்ளைக்கு நித்திரை. உங்கடை இலக்கியத்தை நாளைக்குப் பாருங்கோ" என்று மனைவி தூக்கிக்கொண்டு போய்விட்டா.

ஆறு மாதம் கழித்து, அடுத்த டிசெம்பரில், பின்னேரம் நாலு மணி இருட்டில் பூங்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். குளிர்காலத்துப் பூரணை நிலா அங்கே உயர எழும். அன்று கீழ்வானில் அது பெரிதாக ஏறிக்கொண்டிருந்தது. வண்டிலில் இருந்த மகள் தானாகவே கையை நீட்டி, "கூ!" என்றாள். பின்லாந்து மொழியில் நிலாவுக்குக் கூ என்று பெயர். பூங்காவில் கேட்டுப் பழகியிருக்கிறாள். நான் ஆசையோடு வைத்திருந்த அம்புலி என்ற சொல் என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நேயர்களே, உண்மையைச் சொன்னால், ஒரு தமிழ் ஆசிரியனுக்கு அது தோல்வியாகத்தான் பட்டது.

அடுத்த முறை நெயுவோலாவுக்குப் போனபோது இதைச் சொன்னேன். தாதி, "நீங்கள் உங்கள் மொழியிலேயே அவளோடு கதையுங்கள். எங்கள் மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது தானாக வரும்" என்றார். தன் மொழியை ஒரு பிள்ளை பழகுவதற்காக எங்கள் மொழியை விடச் சொல்லவில்லை அவர். அம்மாவிடமும் முறையிட்டேன். "கூ எண்டாலும் அது நிலாதானே மோனை. அவள் கண்டெடுத்த சொல்லைப் பறியாதை. உன்ரை சொல்லையும் பக்கத்திலை வை" என்றா. அன்று முதல் அவள் கூ என்றால் நான் "ஓம், அம்புலி" என்பேன்.

2014 யூலையில் ஊர் திரும்பினோம். வாசலில் அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றா. இரண்டு வயது தாண்டிய மகள், அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். கிட்டப் போனாள். பிறகு மெதுவாக அம்மாவுக்குப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். இம்முறை பின்னால் சுவர் இல்லை. அம்மாவின் முதுகும் சேலைத் தலைப்பும் இருந்தன. தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அசையவில்லை. அவளாக முன்னுக்கு வரும்வரை அப்படியே நின்றா.

வந்த புதிதில் மகள் பனியைக் கேட்டு அழுதாள். கோப்பையோடு வெளிக்கிட்டுப் படலையில் நின்றாள். நாங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டோம். அவளோ தனது ஊரை விட்டு வந்திருந்தாள். எங்களுக்குத் தற்காலிகமாக இருந்த இடந்தான் அவள் அதுவரை அறிந்த உலகம். அதை உணர்ந்தவ அம்மா ஒருத்திதான். முற்றத்தில் இருத்திச் சோறு தீத்தும்போது, தென்னைக்கு மேலே நிலா வந்தால், அம்மாவே முந்திக்கொண்டு, "அங்கை பார், கூ வந்திட்டுது" என்பா.

மகள் இன்று பெரிய பிள்ளையாகிவிட்டாள். பின்லாந்து மொழி முழுவதையும் மறந்துவிட்டாள், அந்த ஒரு சொல்லைத் தவிர. அம்மா 2021இல் காலமானா. எங்கள் வீட்டில் நிலாவுக்கு இன்றும் இரண்டு பெயர்.

படிப்புக்கென்றும் வேலைக்கென்றும் கைக்குழந்தையோடு ஓரிரு வருடம் வெளிநாடு போகும் இளங்குடும்பங்கள் நம்மிடையே இன்று பல உண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அம்மா சொன்னதுதான். போன அன்றைக்கே பெட்டிகளைக் காலி செய்யுங்கள். எங்காவது ஒரு ஏணையைக் கட்டுங்கள். நாள் கணக்கு உங்களோடு இருக்கட்டும். பிள்ளை அங்கே வாழத் தொடங்கட்டும்.