வயிற்றைச் சுற்றிய வளையம்

சிறுசேரி சிப்காட்டில் நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, இது உங்களுக்குத்தான்.

உட்கார்ந்தே இருந்து கூடிய உடல் எடையைக் குறைக்க இரைப்பையின் மேல்பகுதியில் சிலிக்கோன் வளையம் பொருத்துவதுண்டு. நாளடைவில் அது நழுவலாம். இரைப்பைச் சுவரை அரித்து உள்ளேயும் புகலாம். அப்போது மறு அறுவை. பழைய தழும்பால் இரைப்பையும் கல்லீரலும் ஒட்டிக்கிடக்கும். பிரிப்பது கடினம், தையல் போட்ட இடம் கசியும் ஆபத்தும் கூடுதல். அதனால்தான் பல மருத்துவர்கள் முதலில் வளையத்தை மட்டும் எடுத்து, சில மாதம் புண் ஆறவிட்டு, பிறகே அடுத்த எடைக் குறைப்பு அறுவைக்குப் போகிறார்கள். அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

எந்த எடைக் குறைப்பு அறுவையையும் எளிதாக எண்ண வேண்டாம்: 2024 ஏப்ரலில், நம் மாவட்டத்துப் பம்மலில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

வளையம் வைத்தவர்களுக்கு விடாத வாந்தியோ காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.