ஐந்து டாலர் கச்சேரி



ஒரு பாட்டுக் கச்சேரிக்குள் யார் நுழையலாம், யார் வெளியே நிற்க வேண்டும்? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்ட சில இளைஞர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இடம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். அவர்கள் வாசித்தது பங்க் ராக். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு, தலைதெறிக்க ஓடும் டிரம்ஸ், அடித்தொண்டையிலிருந்து வரும் குரல்.

1980இல் அங்கே ராக் கச்சேரிகள் பெரும்பாலும் மதுக்கூடங்களில்தான் நடந்தன. வருமானம் மது விற்பனையில் வந்தது. அதனால், குடிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கு அங்கே மதிப்பில்லை. அப்போது ‘டீன் ஐடில்ஸ்’ என்ற இளம் குழு கலிஃபோர்னியாவுக்குப் போனது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் அரங்கில், வயது குறைந்தவர்களின் புறங்கையில் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். அந்தக் குறி உள்ள கைக்கு மது கிடையாது. ஆனால் பாட்டு உண்டு. ஊர் திரும்பியதும், இதையே நம் ஊரிலும் செய்யலாமே என்று அரங்கக்காரர்களிடம் கேட்டார்கள். ‘நைன் தர்ட்டி கிளப்’ ஒப்புக்கொண்டது. இளையவர் என்று ஒதுக்கப் போட்ட குறியைப் பிள்ளைகள் பெருமையோடு போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அந்தக் குழு கச்சேரிகளில் கிடைத்த பணத்தைப் பங்கு போடாமல் சேர்த்து வைத்திருந்தது. குழு கலைந்தபோது, அந்தப் பணத்தில் தங்கள் பாட்டுகளை இசைத்தட்டாகப் போடலாம் என்று முடிவெடுத்தார்கள். இப்படிப் பிறந்ததுதான், குழுவில் இருந்த இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் நடத்திய ‘டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்’. அடித்தவை ஆயிரம் தட்டுகள். உறை செய்யத் தெரியாது. இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இசைத்தட்டின் உறையைப் பிரித்துப் பார்த்து, அதே அளவில் அச்சடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவிக் கையாலேயே ஒட்டினார்கள். இந்த நிறுவனம் குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் போடுவதில்லை. செலவு போக வரும் லாபத்தைப் பகிர்ந்துகொள்வதே வழக்கம்.

இந்த இசையின் வேகத்துக்கு வழிகாட்டியவர்கள் ‘பேட் பிரெய்ன்ஸ்’ என்ற கறுப்பின இளைஞர்கள். ஜாஸ் கலந்த இசையிலிருந்து பங்க் ராக்குக்கு வந்து, ரெகே இசையையும் அதே மேடையில் வாசித்தவர்கள்.

எல்லாம் நல்லபடியாகவே போய்விடவில்லை. சில ஆண்டுகளில் கச்சேரிகளில் அடிதடி பெருகியது. மேடைக்கு முன்னே முரட்டு ஆண்கள் மோதிக்கொள்ள, பெண்கள் பின்சுவரோடு ஒதுங்கினார்கள். இதைச் சகிக்காத சிலர் புதுக் குழுக்கள் தொடங்கினார்கள். ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ அவற்றில் ஒன்று. வேகத்தோடு மனத்தின் துயரமும் பாட்டுக்குள் வந்தது. 1985 கோடையில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு வெளியே டிரம்ஸ் அடித்து நிறவெறிக்கு எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அந்த ஆண்டே பிறந்தது ‘பாசிட்டிவ் ஃபோர்ஸ்’ என்ற கூட்டமைப்பு. தொடங்கியவர்களில் ஒருவர் மார்க் ஆண்டர்சன். சம்பளம் வாங்குவோர் ஒருவரும் இல்லை, எல்லாரும் தொண்டர்கள். தேவாலயக் கூடத்தையோ சமூகக் கூடத்தையோ பிடிப்பார்கள், சுவரொட்டி ஒட்டுவார்கள், வாசலில் நின்று டிக்கெட் கொடுப்பார்கள். வசூல் இலவச மருத்துவமனைக்கும் வீடற்றோருக்கு உதவும் அமைப்புகளுக்கும் போகும்.

இந்தக் கூட்டமைப்போடு தோளோடு தோள் நின்ற குழு, மெக்கே பிறகு தொடங்கிய ‘ஃபுகாஸி’. முதல் மேடை 1987இல். உலகப் புகழ் வந்த பிறகும் அவர்களுடைய டிக்கெட் பெரும்பாலும் ஐந்து டாலர்தான். எந்த வயதினரும் வரலாம். பனியனில் பெயர் அச்சடித்து விற்கும் வியாபாரம் கிடையாது. கூட்டத்தில் யாராவது அடுத்தவர்மேல் விழுந்து அடித்தால் பாட்டை நிறுத்திவிடுவார்கள். சொல்லியும் கேட்காதவரை வெளியே அழைத்துப்போய், உறைக்குள் வைத்த ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவார்கள். கதவு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டுமென்றால், உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1991 ஜனவரியில், வளைகுடாப் போர் தொடங்கச் சில நாட்கள் இருந்தபோது, வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் போரை எதிர்த்து இலவசமாக வாசித்தார்கள்.

அதே 1991இல், பாசிட்டிவ் ஃபோர்ஸ் தொண்டர்கள் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இளம் பெண்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். ‘ரயட் கர்ள்’ என்ற பெண்ணிய பங்க் இயக்கம் அங்கே வலுப்பெற்றது. ‘பிகினி கில்’ குழுவின் கேத்லீன் ஹன்னா மேடையிலிருந்தே பெண்களை முன்வரிசைக்கு அழைத்தார்; ஆண்களைப் பின்னால் போகச் சொன்னார். பின்சுவரில் ஒதுங்கியிருந்தவர்களுக்கு முன்னிடம் கிடைத்தது.

நேயர்களே, வயது, காசு, அடிதடிக்குப் பயம் என்று ஒவ்வொன்றும் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிடக் கூடியவை. இந்தப் பிள்ளைகள் மை, ஐந்து டாலர், ஓர் உறை, தேவாலயக் கூடம் ஆகியவற்றைக் கொண்டே ஒவ்வொரு தடையையும் நீக்கப் பார்த்தார்கள். பெரிய முதலாளியோ அரசு மானியமோ வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கோபத்தைப் பாட்டில் காட்டுவது எளிது. அதை டிக்கெட் விலையிலும் வசூல் கணக்கிலும் காட்டுவதற்கு உறுதி வேண்டும். உங்கள் ஊரில் ஒரு விழாவோ கச்சேரியோ நீங்கள் நடத்துவதாக இருந்தால், மேடையைத் தீர்மானிப்பதற்கு முன் வாசலைத் தீர்மானியுங்கள்.