முகமும் எழுத்தும்



அரசரின் முகம் நாணயத்தில் வரும். செல்வரின் முகம் வண்ண ஓவியமாகி மாளிகைச் சுவரை அணி செய்யும். ஏனையோர் முகத்தை அவரவர் ஊரார் மட்டுமே அறிவர். நெடுங்காலம் நிலவிய இந்நிலையை மாற்றியவற்றுள் ஒன்று செப்புத்தகடு.

தகட்டில் உளியால் கோடுகளைச் செதுக்கி, அவற்றில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் பதியும். நியூரம்பர்க் நகரத்து ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1519இல் கர்தினால் ஆல்பிரெக்டின் முகத்தை இவ்வாறு செதுக்கினார். தகட்டோடு 200 படிகள் கர்தினாலிடம் சென்றன. 1523இல் மீண்டும் செதுக்கியபோது 500 படிகள் சென்றன. அதிகாரம் தன் முகத்தைப் பலருக்கும் வழங்கக் கற்றுக்கொண்டது.

அதிகாரத்தை எதிர்த்தவருக்கும் அச்சு துணை நின்றது. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்து 1517இல் இதே ஆல்பிரெக்டுக்குக் கடிதம் எழுதியவர் மார்ட்டின் லூதர். 1520இல் லூக்காஸ் கிரானாக் அவரைத் துறவிக் கோலத்தில் செப்பில் செதுக்கினார். 1521இல் ஹான்ஸ் பால்டுங் ஆக்கிய மரச்செதுக்குப் படத்திலோ, லூதரின் தலையைச் சூழ்ந்து ஒளிவட்டம்; மேலே புறா. இத்தகைய படங்களை மக்கள் வாங்கி முத்தமிடுவதாக வோர்ம்ஸ் நகரிலிருந்து போப்பின் தூதர் அலெயாந்தர் எழுதினார். புனிதர் வழிபாட்டை மறுத்த இயக்கத்தின் தலைவர், தம் படத்தால் தாமே புனிதராக்கப்பட்டார். அச்சேறிய முகம் அதற்குரியவரின் கட்டுக்குள் நிற்பதில்லை.

இதை நன்குணர்ந்தவர் பேரறிஞர் எராஸ்மஸ். டியூரர் தம்மை வரைய வேண்டும் என்று விரும்பியவரும் அவரே. 1520இல் நேரில் கண்டு கரியால் தீட்டிய டியூரர், 1526இல்தான் செப்புப் படத்தை முடித்தார். படத்தைக் கண்ட எராஸ்மஸுக்கு அதில் தம் சாயல் தென்படவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன்பிருந்த தோற்றம் இப்போது தமக்கில்லை, ஆகவே இதில் வியப்பில்லை என்று நண்பர் பிர்க்ஹைமருக்கு எழுதினார்.

ஆயினும் அப்படம் பொய்யன்று. எராஸ்மஸின் தலைக்குப் பின்னே பெரிய கல்வெட்டுப் பலகை ஒன்றை டியூரர் வைத்தார். உயிருள்ள உருவைக் கண்டு வரைந்ததாக இலத்தீன் வரிகள் கூறும். இவருடைய நூல்களே இவரை மேலாகக் காட்டும் எனக் கிரேக்க வரி கூறும். 1519இல் குவென்டின் மாசைஸ் வார்த்த எராஸ்மஸ் பதக்கத்திலும் இக்கருத்தே பொறிக்கப்பட்டிருந்தது. 1526இலேயே மெலாங்தனைச் செதுக்கியபோது, முகத்தைத் தீட்ட முடிந்த கைக்கு உள்ளத்தைத் தீட்ட இயலவில்லை என்ற பொருளில் டியூரர் எழுதினார். தேர்ந்த கலைஞர் தம் கலையின் எல்லையைத் தம் படத்திலேயே பொறித்து வைத்தார்.

கவிஞரின் முகம் கவிதைக்கு முன்னே வாசகரைச் சென்றடையும் காலம் இது. முகத்தை அறிந்தோர் பலர். வரிகளை அறிந்தோர் சிலர். டியூரரின் படத்தில் எராஸ்மஸ் பார்ப்பவரை நோக்கவில்லை. நூல்கள் சூழ, பூச்சாடி அருகிருக்க, தாம் எழுதும் தாளிலேயே அவர் கண் பதிந்திருக்கிறது. அவரைக் காண விழைவோர் செல்ல வேண்டிய வழியை அக்கண்களே காட்டுகின்றன.