மெயினை அணைத்தால் டெலிபோன் பேசுமா?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"டெலிபோனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது மானேஜர் மேஜைச் சாமான்தானே?" என்று சிலர் கேட்கலாம். புளோ ரூமில் பஞ்சு பற்றிக்கொள்ளும்போது அந்தச் சம்பந்தம் தெரியும். ஆகவே விஷயத்தை இப்பொழுதே விளங்கிக்கொள்வோம்.

இன்று ஆலைகளில் உள்ள பழைய டெலிபோன் அமைப்பை இண்டர்நெட் வலையோடு இணைத்து வருகிறார்கள். பழைய முறை என்ன? ஆலைக்குள் ஒரு சிறு எக்ஸ்சேஞ்ச். அதிலிருந்து வாசலுக்கும், பாய்லருக்கும், டிஸ்பென்சரிக்கும் செம்புக் கம்பி ஓடுகிறது. டெலிபோனுக்கு வேண்டிய மின்சாரமும் அதே கம்பியில், 48 வோல்ட் பாட்டரியிலிருந்து வருகிறது. ஊரே இருண்டாலும் டெலிபோன் பேசிய ரகசியம் இதுதான்.

புதிய முறையில் குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து எண்களாக்குகிறார்கள். அந்த எண்களைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, கம்ப்யூட்டர் செய்திகள் போகும் பாதையிலேயே அனுப்புகிறார்கள். ஒரு பேச்சுக்கு விநாடிக்குச் சாதாரணமாக 50 பொட்டலம்!

இரண்டுக்கும் பாஷை வேறு. நடுவில் துபாஷி வேண்டாமா? 'கேட்வே' என்ற பெட்டிதான் அந்தத் துபாஷி. 'ஈ-1' என்ற ஒரே இணைப்பின் வழியாக, பழைய எக்ஸ்சேஞ்சின் 30 பேச்சுக்களை அது ஒரே சமயத்தில் வலைக்கு மாற்றிவிடும். ஆகவே, பழையதை எல்லாம் ஒரே நாளில் உடைத்தெறிய வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் அந்தப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். தீப்பிடித்தால் முதலில் செய்வது என்ன? மெயினை அணைப்பது! அப்பொழுது பெட்டியும் அணைந்தால், பழைய பாட்டரியின் தயவில் பாய்லரிலிருந்து வாசலுக்குப் பேசலாம். தீயணைப்பு நிலையத்துக்குப் பேச முடியாது. செல்போன் இருக்கிறதே என்பீர்கள். பல ஆலைகளில் அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்களே!

இது வீண் பயமல்ல. பிரிட்டனில் கம்பி டெலிபோனைப் புதிய முறைக்கு மாற்றியபோது, முதியோர் ஆபத்தில் உதவி கேட்கும் கருவிகள் சில வேலை செய்யாமல் போயின. 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்கக் கம்பெனிகள் இணங்கின. 2025 முடிவு என்றிருந்த கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று.

நாம் கோர வேண்டியவை இவை: கேட்வேக்கும் அதைச் சேர்ந்த கருவிகளுக்கும் தனிப் பாட்டரி வேண்டும். வெளியே பேச ஒரு நேர்க் கம்பியாவது இருக்க வேண்டும். மின்சாரம் நின்றதும் அந்தக் கம்பிக்குத் தானே மாற்றிவிடும் ஏற்பாடு சில கேட்வேக்களில் உண்டு. மாதம் ஒரு முறை மெயினை அணைத்து, தொழிலாளர் முன்னிலையில் பேசிப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச்போர்டு ஆபரேட்டருக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

கிராமத்துத் தோழர்களே! உங்கள் ஆஸ்பத்திரியில் இந்த மாற்றம் வந்தால் உங்களுக்கும் இதே கேள்விதான். மெயினை அணைத்தால் டெலிபோன் பேசுமா? பேசிக் காட்டும் வரை கேளுங்கள்!